மூடி திறந்தால் பாடும் தகரத்தோடு தெல்தோட்டைக்கு

போன ஞாயிற்றுக்கிழமை கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் பஸ்ஸில் போய் அன்று மாலையே திரும்பினேன். கையில் ஒரு பிஸ்கற் தகரம். வயர், பற்றரி என்று எதையாவது பையில் வைத்துக்கொண்டு இந்தப் பாதையில் போக வேண்டியவர்கள் முழுவதையும் வாசியுங்கள். தேயிலை மலை பார்க்க மட்டும் போகிறவர்கள் கடைசிப் பகுதிக்குத் தாவலாம், நான் கோபிக்க மாட்டேன்.

முதலில் தகரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் ஆறு பேர். கண்டியில் வானொலிப் பெட்டி திருத்தும் நிஸாம், தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் மின்வேலை பார்க்கும் முருகையா, பேராதனையில் படிப்பிக்கும் ஒரு சிங்கள விரிவுரையாளர், வேறு இருவர், அவர்கள் எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடும் நான். பழைய வானொலிகளின் உதிரிப்பாகங்களைக் கொண்டு ஒலியெழுப்பும் சிறு கருவிகள் செய்வது எங்கள் பொழுதுபோக்கு. தகரம் ஆறு பேருக்கும் பொது. அதைப் பெறுகிறவர் ஒரு மாதம் வைத்திருந்து புதிதாக ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டும். சேர்த்ததன் சுற்றுப்படத்தை வரைந்து உள்ளே இருக்கும் கொப்பியில் ஒட்ட வேண்டும். மற்ற ஐவரும் அதைப் பிரதி எடுப்பார்கள். பிறகு அடுத்தவர் கையில் நேரில் கொடுக்க வேண்டும். தபால் கிடையாது. யாரும் திறக்க முடியாதபடி எதையும் மூடி ஒட்டக் கூடாது. கொப்பியின் பின்பக்கம் "பிழைகள்" என்று ஒரு பகுதி உண்டு. பிழைவிட்டவர் தன் கையாலேயே அதில் எழுத வேண்டும். நான்கு வருடங்களில் என் பெயரில் ஒரு வரியும் அதில் இருக்கவில்லை. அதை நான் மற்றவர்களுக்கு அவ்வப்போது நினைவூட்டியும் இருக்கிறேன்.

இந்த வயதில் இது ஏன் என்று என் மகள் கனடாவிலிருந்து கேட்கிறாள். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் எங்கள் பியானோவைத் தெருவுக்கு இழுத்துப் போட்டு எரித்தார்கள். கன்னியாஸ்திரிகளிடம் பதினொரு வருடம் படித்த விரல்கள், அடுத்த நாள் காலையில் சாம்பலில் கம்பி பொறுக்கின. இன்னொன்று வாங்கலாம் என்றார் என் கணவர். நான் மறுத்துவிட்டேன். அவர் காலமாகி ஒன்பது வருடங்கள் ஆகின்றன, இன்றும் என் பதில் அதுதான். எரித்தால் மறுபடியும் நானே செய்யக்கூடிய வாத்தியம்தான் இனி என் வீட்டுக்குள் வரும். அதன் படம் ஆறு வீட்டில் இருந்தால், எரிக்க வருகிறவர்கள் ஆறு வீட்டுக்கும் அலைய வேண்டும்.

பயணத்துக்கு முந்திய புதன்கிழமை, முருகையா தவிர மற்ற ஐவரும் நிஸாமின் கடையில் கூடினோம். சோதனைச் சாவடிகள் கூடிவிட்டன. பையில் இருந்த ஒரு குறடுக்காக முருகையாவை ஒரு பகல் முழுவதும் வைத்து விசாரித்திருந்தார்கள். தகரம் அடுத்ததாக அவரிடம்தான் போக வேண்டும், ஆனால் இனி அவர் அதை வாங்கக் கண்டிக்கு வர முடியாது.

"பெட்டிய என்ட அலுமாரியில வெச்சிடுவோம் டீச்சர்," என்றார் நிஸாம். "யுத்தம் முடிஞ்ச பொறகு எடுப்போம்."

"யுத்தம் முடியிற திகதியை எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் இருக்கெண்டு மட்டும் தெரியும். நான் கொண்டுபோறன்."

"புடிச்சா?"

"வயதுபோன பொம்பிளையை ஆர் பிடிக்கப்போகினம்?"

 கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். ஞாயிறன்று தகரம் முருகையாவின் கைக்குப் போய்ச் சேராவிட்டால் சுற்று அதோடு நிற்கும், தகரத்தைப் பிரித்து அவரவர் பகுதியை அவரவர் எடுத்துக்கொள்வது என்று. நான் சம்மதித்தேன். சம்மதித்தபோதே தோற்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

அந்த மாதம் நான் சேர்த்திருந்தது ஓர் ஒளிக்கண். கடலையளவு சிறிய பாகம். வெளிச்சம் பட்டால் கருவி ஒலிக்கும். மங்கல் வெளிச்சத்தில் டக், டக் என்று விட்டுவிட்டுத் தட்டும். வெளிச்சம் கூடக்கூடத் தட்டல்கள் நெருங்கி ஒரே ஸ்வரமாகி மேலே ஏறும். கையின் நிழலால் அதை வாசிக்கலாம். இருட்டில் மௌனம். ஆகவே பழைய சுவிட்சைக் கழற்றி எறிந்தேன். கண்டியின் ஈரத்தில் அது துருப்பிடித்து எப்போதும் தொல்லை தந்தது.

"ஒரு சுவிட்ச் போடுங்க டீச்சர்," என்று நிஸாம் இரண்டு தடவை சொன்னார்.

"மூடிதான் சுவிட்ச்," என்றேன். கொப்பியிலும் அப்படியே எழுதி அடிக்கோடிட்டேன்.

காலை 7.40க்கு குட்ஷெட் பஸ் நிலையத்திலிருந்து தனியார் பஸ். ரிக்கற் 54 ரூபா. நடத்துனர் கணக்கில் முப்பத்தைந்து கிலோமீற்றர், இரண்டு மணித்தியாலம். இடதுபக்க யன்னல் ஓரம் இருந்தேன், தகரம் மடியில். பேராதனை 8.05. பல்கலைக்கழக மரங்களுக்குக் கீழே குளிர் இருந்தது. அதற்குப் பிறகு பாதை ஒடுங்கி ஏறத் தொடங்கும். தலைசுற்றுகிறவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம், கடையில் ஒரு பணிஸ் வாங்கித் தின்றால் போதும்.

8.35க்கு ஒரு வளைவில் பஸ்ஸை நிறுத்தினார்கள். மண்மூட்டைகள், தகரக் கொட்டில், ஏழெட்டு ராணுவத்தினர். எல்லோரும் இறங்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நின்றோம். பெண்களின் பைகளைக் கொட்டில் நிழலில் ஒரு பொலிஸ்காரப் பெண் பார்த்தாள், இருபத்துமூன்று வயதிருக்கும். என்னைக் கண்டதும் "எங்கே போறீங்க அம்மே?" என்று சிங்களத்தில் அன்பாகத்தான் கேட்டாள். பிஸ்கற் என்று நினைத்திருப்பாள். தகரத்தை வாங்கி மேசையில் வைத்து, சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்தாள்.

டக். டக். டக்.

இருட்டைச் சுவிட்சாக நினைத்த நான் இந்தக் கணத்தை நினைக்கவில்லை. சாவடியில் யாரும் மூடியை இருட்டில் திறக்க மாட்டார்கள். அவள் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்தாள். அவளுடைய நிழல் விலகிக் கொட்டில் ஓரத்து வெயில் தகரத்துக்குள் விழ, தட்டல் வேகம் பிடித்தது. வரிசை சிதறியது. என் பின்னால் நின்ற ஒரு தாய் கைக்குழந்தையோடு மதகுக்குள் குதித்தாள். அவளுடைய முழங்கால் இரண்டும் உரசி இரத்தம் வந்ததைப் பிறகு கண்டேன். அதற்கு நான் பொறுப்பு. ராணுவத்தையோ யுத்தத்தையோ காட்டி அதிலிருந்து நழுவ மாட்டேன்.

மண்மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து நான்கு துவக்குகள் என்னைப் பார்த்தன. தள்ளிப் போகச் சொல்லிச் சத்தமிட்டார்கள். நான் தள்ளிப்போனால் தகரத்தைச் சுடுவார்கள், அது எனக்குத் தெரிந்தது. உள்ளங்கையை ஒளிக்கண்ணின் மேல் வைத்தேன். தட்டல் நின்றது. கையை மெதுவாக உயர்த்தினேன், தட்டியது. மறுபடி மூடினேன், நின்றது.  

"இது சங்கீத வாத்தியம்," என்றேன் சிங்களத்தில். மண்மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கியிருந்த அதிகாரி எழுந்து நின்றபோது அதையே ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"வாத்தியம் என்றால் வாசியுங்கள்," என்றார் அவர்.

வெயிலுக்கும் தகரத்துக்கும் நடுவில் கையைப் பிடித்து ஏழு ஸ்வரத்தையும் ஏற்றி இறக்கினேன். தைவதம் சற்றுப் பிசகியது. இரண்டாம் தடவை சரியாக வாசித்தேன். மதகுக்குள் இருந்த குழந்தை அழுகையை நிறுத்தியது. ஒரு சிப்பாய் சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புத்தான் காரியத்தைக் கெடுத்தது. பாய்ந்து ஒளிந்ததில் அதிகாரியின் தொப்பி விழுந்திருந்தது. அதைப் பொறுக்கித் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, "பொருள் இங்கே இருக்கும், நீங்கள் போகலாம்," என்றார்.

"துண்டு தாருங்கள்."

"என்ன துண்டு?"

"என்ன பொருளை எதற்காக எடுத்தீர்கள் என்று எழுதி, திகதியிட்டு, கையெழுத்து வைத்த துண்டு."

அவர் ஒரு தாளில் 'சந்தேகத்துக்குரிய கருவி' என்று எழுதி நீட்டினார். நான் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். "நான் இதில் கையெழுத்து வைக்க மாட்டேன். உங்கள் காதால் கேட்டீர்கள். கேட்டதை எழுதுங்கள்."

இதற்குள் பஸ் இரைந்துகொண்டு நின்றது. நடத்துனர் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுக்காத குறை. "பாட்டி, அதக் குடுத்துட்டு ஏறுங்க. உசுரு பெருசா, டப்பா பெருசா?"

"நான் உமக்குப் பாட்டியில்லை. நீர் பஸ்ஸை எடும்."

"அப்பறம் எங்க மேல குத்தம் சொல்லாதீங்க."

பஸ் போனது. முழங்கால் காயப்பட்ட தாய் யன்னலால் என்னை முறைத்துக்கொண்டே போனாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. நான் ஒரு கதிரை கேட்டேன். முதலில் தரவில்லை. கையைத் தகரத்தின் மேல் வைத்தபடி நின்றேன். கால் மணித்தியாலத்தில் அந்தப் பொலிஸ்காரப் பெண்ணே ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தாள்.

"அம்மே, கையை எடுத்தா பாடுமா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"உன்னுடைய கையை வைத்துப் பார்."

வைத்துப் பார்த்தாள். அதிகாரி திரும்பிப் பார்க்கவும் கையை இழுத்துக்கொண்டாள்.

இரண்டு மணித்தியாலமும் பத்து நிமிடமும் இருந்தேன். அவர் இரண்டு இடங்களுக்குத் தொலைபேசினார். பேராதனை விரிவுரையாளரின் பெயரைச் சொல்லியிருந்தால் விரைவாக விட்டிருப்பார்கள். நான் சொல்லவில்லை. என் சாமானுக்கு இன்னொருவருடைய சிங்களப் பெயர் பிணை நிற்கத் தேவையில்லை. பத்தேமுக்காலுக்கு அவர் புதிய தாள் எடுத்தார். 'சங்கீத வாத்தியம் ஒன்று, பரிசோதிக்கப்பட்டுத் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பற்றரி ஒன்று, தடுத்துவைக்கப்பட்டது.' ஏதாவது ஒன்றை எடுக்காமல் விட அவருக்கு மனம் வரவில்லை. திகதி போட மறந்திருந்தார். போடுவித்தேன். பிறகுதான் கையெழுத்து வைத்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் முருகையா நின்றிருந்தால் கதிரையும் வந்திராது, துண்டும் வந்திராது. என் நரைமயிரும் கன்னியாஸ்திரிகளின் ஆங்கிலமும் எனக்கு வாங்கித் தந்த இரண்டு மணித்தியாலம் அது. அந்த வசதி இருக்கிறவர்கள் அதைச் செலவழிக்காமல் அலுமாரியில் வைத்திருப்பது வெட்கக்கேடு.

அடுத்த பஸ் 11.20க்கு வந்தது. சாவடியிலிருந்து ரிக்கற் 36 ரூபா. தெல்தோட்டையில் இறங்கும்போது 12.35. முருகையா காலை ஒன்பதரையிலிருந்து கடைவாசலில் நின்றிருக்கிறார்.

"மொத பஸ்ல வந்தவங்க, ஒரு கெழவி குண்டோட மாட்டிக்கிச்சுன்னு சொன்னாங்க டீச்சர். நீங்களாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"வாறன் எண்டு சொன்னனான். வந்திட்டன்."

அவருடைய லயத்துக்கு, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டுக்கு, ஒன்றரைக் கிலோமீற்றர் நடை, நல்ல ஏற்றம். மனைவி பால் விடாத பிளேன்ரீயும் ரொட்டியும் தந்தார். முருகையா இரண்டு ரோச் லைற்றுகளிலிருந்து பற்றரிகளைக் கழற்றி ஆறை அடுக்கிக் கட்டித் தகரத்துக்குக் கொடுத்தார். வாசலில் வைத்ததும் அது பாடியது. அயல் லயத்திலிருந்து ஆட்கள் வந்து கையை நீட்டி நீட்டிப் பார்த்தார்கள். எல்லோரும் போன பிறகு அவர் தகரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

"சுவிட்ச் எங்கங்க டீச்சர்?"

 கொப்பியை வாங்கிப் பின்பக்கத்தைத் திருப்பினேன். என் பெயரை எழுதி, "சுவிட்சைக் கழற்றியது. பஸ் நிறைய மனிதரைப் பயப்படுத்தியது. ஒரு தாய் காயப்பட்டார். நிஸாம் இரண்டு தடவை எச்சரித்திருந்தார்" என்று மையால் எழுதினேன். முருகையா வாசித்தார். "எங்க கூட்டத்துக்கு வந்துட்டீங்க," என்றார். அவர் பெயரில் பதினான்கு பிழைகள் இருக்கின்றன.

"பேசாம அந்தக் கண்ணையும் கழட்டிருவோமா? வம்பே வேணாம்."

"கண் இருக்கட்டும். சுவிட்சைப் போடும்."

போட்டார். கீழ்ப்பக்கத்தில், சிவப்புப் பூச்சோடு, மூன்று மொழியிலும் எழுதி. சுற்று நிற்கவில்லை. மாலை 3.15 பஸ்ஸில் திரும்பினேன். அந்த வளைவில் வேறு ஆட்கள் நின்றார்கள். என் கையில் அப்போது ஒரு பை தேயிலை மட்டும்.

இனி போகிறவர்களுக்கு. 7.40 பஸ்ஸைப் பிடியுங்கள், அதற்குப் பிறகு வருவது நிரம்பி வழியும். அடையாள அட்டையைப் பையின் அடியில் போடாதீர்கள். பற்றரியைக் கருவியிலிருந்து கழற்றி வேறு பையில் கொண்டுபோங்கள். கேட்கும் முன்னரே நீங்களாகத் திறந்து காட்டுங்கள். எதை எடுத்தாலும் துண்டு கேளுங்கள், எழுதியதை வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். இளைஞர்களுக்கு இதைச் சொல்ல எனக்குத் துணிவில்லை. உங்களுக்குப் பதிலாக வீட்டில் வயதான ஒருத்தியை அனுப்புங்கள், நாங்கள் சும்மாதான் இருக்கிறோம்.

அந்தத் துண்டின் பிரதிகள் ஐந்தை நிஸாமின் கடைக்குப் பக்கத்தில் எடுத்து நால்வருக்குக் கொடுத்துவிட்டேன், முருகையாவின் பிரதி என் பையில் இருக்கிறது. மூலப்பிரதி என்னிடம். அடுத்த மாதம் தகரத்தை முருகையாவிடமிருந்து வாங்க நான்தான் போகிறேன், அதே பஸ், அதே வளைவு. 'தடுத்துவைக்கப்பட்டது' என்றால் ஒருநாள் திருப்பித் தரவேண்டியது என்றுதான் பொருள். என் பற்றரியைக் கேட்பேன்.