வளையம் வேணாங்க, ஆள் வரணும்

நாடாளுமன்ற உறுப்பினரிடம் வேலை என்றதும் சட்டம், விவாதம், கோட்டு சூட்டு என்று நினைப்பீர்கள். எங்கள் பிழைப்பில் பாதி சாவு வீட்டில்தான் ஓடுகிறது.

என்னைப் போல எம்.பி.யின் சேவை மையத்தில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாக்கடை அடைத்தாலும், லிஃப்ட் நின்றாலும், பிள்ளைக்குப் பள்ளியில் இடம் கிடைக்காவிட்டாலும் நம்மிடம்தான் வருவார்கள். வாங்கிக் கட்டிக்கொள்வதற்கென்றே நம்மை உட்கார வைத்திருக்கிறார்கள். நான் இருப்பது மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு தொகுதி. எது என்று கேட்காதீர்கள், எனக்கு இந்த வேலை வேண்டும். மேசைப் போனை எடுப்பது என் பொறுப்பு. அந்தப் போனைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஒய்.பி.யின் பிடிவாதம்

எங்கள் எம்.பி.யை ஊர் வழக்கப்படி ஒய்.பி., அதாவது மாண்புமிகு, என்றுதான் கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அப்பா தண்டவாளம் போடும் கூலி. வக்கீலுக்குப் படித்து, தேர்தலில் நின்று, இரண்டு முறை தோற்று, அப்புறம் ஜெயித்தவர். பந்தா கிடையாது. ரொட்டி சானாயை நின்றுகொண்டே தின்றுவிட்டுக் கிளம்புகிற ஆள். ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டார். தொகுதியில் சாவு என்றால் நேரில் போயாக வேண்டும்.

அவருடைய அப்பா இறந்தபோது அம்மா ரயில் ஸ்டேஷன் பொதுத் தொலைபேசிக்கு ஓடி, அன்றைய ஒய்.பி. அலுவலகத்தைக் கூப்பிட்டு, "வளையம் வேணாங்க, ஆள் வரணும்" என்று கெஞ்சினாராம். மலர்வளையம்தான் வந்தது. சாகும்வரை அந்தம்மாவுக்கு அது ஆறவே இல்லையாம். ஆனாலும் பாருங்கள், நாடாளுமன்றம் கூடும் நாட்களில் எங்களுக்கும் வேறு வழியில்லை. வளையம் முந்திப் போகும், இவர் பிந்திப் போவார். பேரும் வீடும் சொல்லி யாராவது தழுதழுத்தால், பூக்கடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் மறு பேச்சு. இது எல்லா சேவை மையத்திலும் நடப்பதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஒய்.பி. சொன்னார்: "கல்யாணத்துக்குப் போகலைன்னா கோவிச்சுக்குவாங்க, சாந்தி. இதுக்குப் போகலைன்னா மன்னிக்க மாட்டாங்க."

முந்திப் போன வளையம்

ஒரு நாள் காலையில் போன் வந்தது. வயதான பெண் குரல். பின்னால் ரயில் பெட்டிகள் ஒன்றோடொன்று இடிக்கிற சத்தம். இராமையா வீடு, பாசார் சந்தைக்குப் பின்னால் மூலை வீடு, ஒய்.பி. நேரில் வரணும் என்றார். யார் பேசுவது என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். ஒய்.பி. நாடாளுமன்றத்தில் இருந்தார். வழக்கம்போல வளையத்தை அனுப்பினேன். எங்கள் டிரைவர் மாரி அண்ணே அதைத் தூக்கிக்கொண்டு போனால், கேட்டைத் திறந்தவரே இராமையா அங்கிள்! ரிப்பனில் தன் பேரைப் படித்துவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். மாரி அண்ணேக்குத்தான் கை கால் ஓடவில்லை.

எனக்கு மானம் போயிற்று. பழக்கூடையோடு போய் மன்னிப்புக் கேட்டேன். அங்கிள் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்து அனுப்பினார். அந்த வாரமே போய்ச் சேர்ந்தார், நெஞ்சு வலி. புது வளையம் எடுத்துப் போனால், பழையது முன்வாசலில் நின்றுகொண்டிருக்கிறது, ஒரு இதழ்கூட வாடாமல். அங்கிளின் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்: "ரெண்டு மாசமா வலியோடதான் இருந்தாரு, அக்கா. ஒய்.பி. வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாரு. வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டாரு."

துடைத்துப் போட்ட நாற்காலி

கொஞ்ச நாள் கழித்து மறுபடியும் அதே குரல், அதே ரயில் சத்தம். இந்த முறை பிலோமினா ஆன்டி வீடு. தனியாக இருக்கிற ரிட்டையர்ட் டீச்சர். ஒய்.பி. நேரில் வரணும் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சூடு பட்டவளில்லையா நான்? பூக்கடைப் பக்கமே போகவில்லை. நேராக ஆன்டி வீட்டுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார். சும்மா நலம் விசாரித்தேன் என்று சமாளித்தேன். நல்லாத்தான் இருக்கேன்மா, லேசா மயக்கமா வருது, வயசாச்சுல்ல என்றார். யாரோ வேலையற்றவர்கள் விளையாடுகிறார்கள் என்று முடிவு கட்டி, ஒய்.பி.யிடம்கூடச் சொல்லாமல் என் வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் சர்ச்சிலிருந்து ஆள் வந்து சொன்னார், ஆன்டி இல்லை என்று. அடக்கத்துக்கு ஒய்.பி.யோடு போனேன். ஒய்.பி. வருவார் என்று நான் ஆன்டியிடம் சொல்லவே இல்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அக்கா வாசலைக் காட்டினார்: "அன்னிக்கு போன் வந்ததுலேர்ந்து ஒரே பரபரப்பு. ஒய்.பி. வர்றாருன்னு அந்த நாற்காலியைத் துடைச்சுப் போட்டுட்டு, எதிர்ல உக்காந்து ரோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. உக்காந்தபடியே போயிட்டாங்க."

மூன்றாவது போன்

அதற்கப்புறம் போனைப் பழுது பார்க்கச் சொன்னேன். டெலிபோன்காரர் வந்து பார்த்துவிட்டு லைனில் ஒரு கோளாறும் இல்லை என்றார். ரயில் சத்தம் கேட்கிறது என்றேன். இங்கே எங்கே அக்கா ரயில், அது டிவியா இருக்கும்லா என்று போய்விட்டார். எங்கள் ஆபீசில் டிவியே கிடையாது.

அன்று நாடாளுமன்றத்தில் முக்கியமான ஓட்டெடுப்பு. அடுக்குமாடிகளின் லிஃப்ட் பராமரிப்புக்காக ஒய்.பி. வருஷக்கணக்காகத் தொண்டை கிழியப் பேசிய மசோதா. அவர் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். ரயில் பெட்டிகள் இடித்தன. மாரியப்பன் வீடு, பெண்சாதி லெட்சுமி என்றது குரல். மாரி அண்ணே வெளியே காரைத் துடைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் உறைத்தது. இந்தம்மா ஒரு தடவைகூட யாரும் செத்துப்போனதாகச் சொன்னதே இல்லை. நாங்கள்தான் பூவை நினைத்தோம். ரிசீவரை ஒய்.பி.யிடம் நீட்டினேன். அந்தக் குரல் எனக்கும் கேட்டது: "வளையம் வேணாங்க, ஆள் வரணும்."

ஒய்.பி. முகத்தில் ரத்தமே இல்லை. வரேம்மா என்றார், அவ்வளவுதான். கோட்டை என் மேசைமேல் போட்டுவிட்டு, சாவியை வாங்கி, மாரி அண்ணேயையும் என்னையும் ஏற்றிக்கொண்டு அவரே காரை ஓட்டினார். மாரி அண்ணே குடியிருக்கும் ஃபிளாட்டில் லிஃப்ட் வேலை செய்யவில்லை, எப்படிச் செய்யும்? மூச்சு வாங்கப் படியேறினோம். மாரி அண்ணே சாவி போட்டுக் கதவைத் திறந்தார். லெட்சுமி அக்கா அடுப்படியில் விழுந்து கிடந்தார், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. அண்ணே அலறினார். ஒய்.பி. அவரை உலுக்கி நிறுத்தி, கால் பக்கம் பிடிக்கச் சொன்னார். ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினோம். நான் வேண்டாத தெய்வம் இல்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர்.

பேச்சு திரும்பியதும் லெட்சுமி அக்கா முதலில் என்னிடம் கேட்டது இதுதான்: "அந்தம்மா யாரு சாந்தி? என் தலையை மடியில வச்சிக்கிட்டு, 'தூங்காதே, ஆள் வந்துக்கிட்டிருக்கு'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்களே. சேலையெல்லாம் ரயில் கரி வாசம்."

காரணம் காட்டுதல்

மசோதா எப்படியோ கரையேறிவிட்டது. ஆனால் அதற்காகக் கத்தியவரே ஓட்டெடுப்புக்கு வரவில்லையே என்று கட்சித் தலைமை எழுத்துமூலம் விளக்கம் கேட்டது. என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒய்.பி. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு சொன்னார்: "சாவுக்குக் கூப்பிட்டாங்கன்னு நினைச்சுப் போனேன், போனதுல சாவு நின்னுபோச்சுன்னு எழுது. அம்மா பேரை எழுதிடாதே, அவங்களையும் விளக்கம் கேப்பாங்க."

இப்போதெல்லாம் எங்கள் மையத்தில் போன் அடித்தால் யார் தவறிப்போனார் என்று நான் கேட்பதில்லை, யார் இன்னும் இருக்கிறார் என்று கேட்கிறேன். பூக்கடைக்காரருக்குத்தான் என்மேல் கோபம்.