நீர்யானைக் குட்டைக்கு ஐந்து

ஆம்பூரில் எங்கள் வீட்டில் மாலையானால் ஆப்பிரிக்கா வந்துவிடும். அம்மா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை பார்க்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, முகம் கழுவி, காபி டம்ளரோடு உட்கார்ந்தால் டிவியில் விலங்குகள்தான். சீரியல் அவளுக்கு ஆகாது. அதில் யாருமே வேலைக்குப் போவதில்லை, விலங்குகளாவது நாள் முழுக்க உழைக்கின்றன என்பாள். தமிழில் பேசும் கனத்த குரல்காரர், "இதோ, மரணம் பதுங்கியிருக்கிறது" என்று ஆரம்பித்தால், "பதுங்கட்டும், நீ கொஞ்ச நேரம் சும்மா இரு" என்று சத்தத்தைக் குறைப்பாள்.

அவளுக்கு ஒரு சந்தேகம் ரொம்ப நாளாக இருந்தது.

"செத்த எருமையைச் சுத்தி சிங்கம் உக்காந்திருக்கு. வேன்ல வந்தவங்க பக்கத்துலயே நிக்கிறாங்க. ஒருத்தராவது மூக்கைப் பொத்தினாங்களா பாரு."

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டின் பின்பக்கம் தோல் பதனிடும் டேனரி ஒன்று. அரக்கோணத்தில் இருக்கும் பெரியம்மா எப்போதாவது வருவார். வந்ததிலிருந்து கைக்குட்டை மூக்கை விட்டு இறங்காது. மதியம் சாப்பிட்டதும் கிளம்பிவிடுவார். அம்மா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஓர் இரவுகூட அவர் இங்கே தங்கியதில்லை. அவர் வருகிற நாளில் அம்மா பின் ஜன்னலைச் சாத்தி சாம்பிராணி போடுவாள். ஒருமுறை பெரியம்மா சொன்னார்: "சாம்பிராணியும் தோலும் கலந்து இன்னும் ஜாஸ்தியா இருக்குடி." அம்மா சிரித்தாள். அன்று டிவி போடவில்லை.

நான் தோல் தொழில்நுட்பம் படித்து, ஒரு கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன வருடம் பாதி பதப்படுத்திய தோல்களைப் பார்த்துத் தேர்வு செய்ய என்னை நைரோபிக்கு அனுப்பினார்கள். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு. நகரத்தை ஒட்டியே ஒரு வனப்பூங்கா இருக்கிறது, காலையில் வேனில் போய் மதியம் திரும்பலாம் என்றார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"போட்டோ எல்லாம் வேணாம், அதை டிவியில பாத்துக்கிறேன். அங்க நாறுதா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வா."

"நாறினா?"

"நாறினா எங்க அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்."

எளிய வேலைதான். ஆனால் அதைச் செய்ய என் மூக்கு லாயக்கில்லை. இது பணிவுக்காகச் சொல்வதல்ல, எங்கள் கூடத்தில் நிரூபணமானது. கார் இருக்கைக்குப் போகும் தோலுக்கு வாசனைச் சோதனை உண்டு. ஒரு துண்டைக் கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடி, சூடாக்கி, பிறகு மூன்று பேர் தனித்தனியாக முகர்ந்து மதிப்பெண் தர வேண்டும். ஒன்று என்றால் வாசனையே தெரியவில்லை. மூன்று என்றால் தெரிகிறது, தொந்தரவில்லை. நான்கு தொந்தரவு. ஆறு, தாங்க முடியாது. ஆரம்பத்தில் நானும் இன்னும் இரண்டு ஆம்பூர்க்காரர்களும் முகர்ந்தோம். எல்லாவற்றுக்கும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. அதே தோலுக்கு வாங்குபவரின் ஊரில் நான்கு போட்டார்கள். அதற்குப் பிறகு காட்பாடியிலிருந்து வந்துபோகும் கணக்குப் பிரிவுக்காரர்களைத்தான் முகர வைக்கிறோம்.

ஆகவே பூங்காவிலும் எனக்கு வேறு மூக்குகள் தேவைப்பட்டன.

வேனில் என்னோடு வந்தவர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். வரிக்குதிரைகளைப் பார்த்து நின்றபோது என் தேவையையும் மதிப்பெண் முறையையும் தம்பதியிடம் சொன்னேன். கணவர் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்தார். மனைவி உடனே கூரைத் திறப்பின் வழியே தலையை நீட்டி ஆழமாக மூச்சிழுத்தார்.

"இரண்டு. ஈரப் புல்லும் கொஞ்சம் குதிரை லாயமும்."

கணவரும் இரண்டு என்றார். ஓட்டுநர் தானாகவே, "எனக்கு ஒன்று" என்றார்.

அடுத்த வளைவில் செத்த எருமை கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் சிங்கம் வயிறு புடைக்கப் படுத்திருந்தது. டிவியில் இவ்வளவு ஈக்களை நான் பார்த்ததில்லை. மனைவி கழுத்துத் துண்டை மூக்கில் அழுத்திக்கொண்டு ஆறு விரல் காட்டினார். கணவர் ஐந்து என்றார். சொன்ன கையோடு ஓட்டுநரிடம் கேட்டார்: "இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போக முடியுமா?"

வேன் நெருங்கியது. மனைவியின் கழுத்துத் துண்டு எப்போது இறங்கியது என்று நான் கவனிக்கவில்லை. இரண்டு கையாலும் பைனாகுலரைப் பிடித்திருந்தார்.

நானும் முயன்று பார்த்தேன். ஏதோ தெரிந்தது. லாரியிலிருந்து பதனிடாத பச்சைத் தோல் இறக்கும் தெருவில் நடப்பதுபோல இருந்தது. எனக்கு அது இரண்டு.

நீர்யானைக் குட்டைக்கு இறங்கி நடந்து போனோம். அங்கே இருவரும் ஐந்து போட்டார்கள். பிறகு அந்தக் காற்று வீசும் இடத்திலேயே மர நிழலில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள். ஓட்டுநர் அன்று எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உங்களுக்கு எதுவுமே தெரிவதில்லையா என்று அவரிடம் கேட்டேன்.

"தெரியுமே. நீங்கள் வண்டியில் ஏறும்போதே கேட்க நினைத்தேன். உங்கள் பையில் என்ன இருக்கிறது?"

தோல் மாதிரித் துண்டுகள் இருந்தன. பைக்கு அவர் நான்கு போட்டார்.

ஊர் திரும்பி எல்லாவற்றையும் சொன்னபோது அம்மா சிங்கத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அஞ்சும் ஆறும் போட்டுட்டு இன்னும் கிட்ட போகச் சொன்னாங்களா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். மறுபடி ஒருமுறை சொல்லச் சொன்னாள்.

அடுத்த மாதம் பெரியம்மா கண் பரிசோதனைக்கு வேலூர் வந்துவிட்டு, சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா ஜன்னலைச் சாத்தவில்லை, சாம்பிராணியும் போடவில்லை. கைக்குட்டை வெளியே வந்தது. டிவியில் நீர்யானைகள் ஓடிக்கொண்டிருந்தன.

"அக்கா, அந்தக் குட்டைக்கு அஞ்சு" என்றாள் அம்மா. "வெள்ளைக்காரங்க அங்கேயே உக்காந்து சாப்பிட்டாங்க. இவ பாத்தா."

"நீர்யானை இருந்தா நானும் உக்காருவேன். உங்க தெருவுல இன்னா இருக்கு?"

"நான் இருக்கேன்" என்றாள் அம்மா.

குரலை உயர்த்தாமல், டம்ளரைத் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். பெரியம்மா டிவியைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்த மார்க்கு எப்படிடி போடறது?" என்று கேட்டார். ஒன்றிலிருந்து ஆறுவரை சொன்னேன். கைக்குட்டையை மடியில் வைத்துவிட்டு, டாக்டர் மூச்சை இழுக்கச் சொன்னதுபோல இழுத்தார்.

"அரை போடலாமா?"

"போடலாம் பெரியம்மா."

"நாலரை."

"குட்டையை விடக் கம்மி" என்றாள் அம்மா.

நிகழ்ச்சியில் ஒரு நீர்யானைக் குட்டி தண்ணீருக்குள் போய் வெளியே வராமல் இருந்தது. அது மேலே வரும்வரை பெரியம்மா எழுந்திருக்கவில்லை. வந்த பிறகு அதன் தாய் எங்கே போனது என்று பார்க்க உட்கார்ந்தார். அதற்குள் அரக்கோணம் ரயில் போய்விட்டது. அம்மா கேட்காமலே பாய் விரித்தாள்.

காலையில் பெரியம்மா பின் ஜன்னலருகே காபியோடு நின்று மறுபடி முகர்ந்தார். டேனரியில் வேலை தொடங்கியிருந்தது.

"இப்ப ரெண்டுதான்டி இருக்கு. ராத்திரியோட குறைஞ்சிருச்சு போல."

காற்று குறையவில்லை, மூக்குதான் பழகிவிட்டது, இனி இவர் முகர்வதைச் சோதனையில் சேர்க்க முடியாது. இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அடுப்பருகே இருந்த அம்மா தோசைக் கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"ரெண்டுதான் பெரியம்மா" என்றேன்.