செனட்டர் கடிதங்களில் ஒட்டிய செலோ டேப்

லோரீன் டங்கெல் ஓய்வு பெற இன்னும் மூன்று நாள். மேசையில் கடைசிக் கடிதம் கிடந்தது. மற்ற முன்னூற்றுப் பதினொன்றையும் பதினொரு வருஷத்தில் முடித்துவிட்டாள். இதையும் முடிக்காமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு. அவள் ஒன்றை முடிவெடுத்தால் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அவள் புருஷன் ரேயைக் கேட்டால் சொல்வார்.

ஒஹாயோ ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஆவணக் காப்பகத்துக்குச் சொத்து என்றால் செனட்டர் எலிஹு ட்வினிங்கின் கடிதங்கள்தான். உள்நாட்டுப் போர்க் காலத்து மனிதர். ஊரில் பள்ளிக்கூடத்துக்கும் பாலத்துக்கும் அவர் பெயர். 1958இல் லோரீன் டைப் அடிக்க வந்தபோது கடிதங்கள் மடிப்புக்கு மடிப்பு கிழிந்திருந்தன. மேலதிகாரி ஒரு பெட்டி நிறையச் செலோ டேப்பைக் கொடுத்து, எல்லாவற்றையும் ஒட்டச் சொன்னார். அப்போது அதுதான் நல்ல வேலை. இருபத்திரண்டு வயசுப் பெண் ஒரு கோணல் இல்லாமல் ஒட்டினாள், பாராட்டும் வாங்கினாள்.

பசை சும்மா இருக்குமா? வருஷம் போகப் போக மஞ்சளாகி, பழுப்பாகி, எழுத்தைத் தின்ன ஆரம்பித்தது. 1987இல் கிளீவ்லாந்திலிருந்து வந்த நிபுணர் பெட்டியைத் திறந்ததும், "எந்த மடச் சாம்பிராணி பண்ணின வேலை இது?" என்றார். அறையே சிரித்தது. லோரீனும் சேர்ந்து சிரித்தாள். ஒட்டச் சொன்னவர் செத்துப் பல வருஷம். ஒட்டியவள் யாரென்று அங்கே வேறு யாருக்கும் தெரியாது. அந்தச் சிரிப்புக்காகத் தன் மேலேயே அவளுக்கு வந்த அருவருப்பு பிறகு போகவே இல்லை.

அடுத்த மாதமே சொந்த விடுப்பில் கிளீவ்லாந்துக்குப் போய், அதே நிபுணரிடம் டேப்பை எடுக்கக் கற்றுக்கொண்டு வந்தாள். சூடான தட்டைக் கரண்டியால் பிளாஸ்டிக்கை மயிரிழை மயிரிழையாகத் தூக்க வேண்டும். பசையை ரப்பரால் உருட்டி எடுத்து, மீதியை அசிட்டோனில் கரைத்து, கிழிசலை மெல்லிய ஜப்பான் தாளால் ஒட்ட வேண்டும். ஒரு கடிதத்துக்குச் சில சமயம் ஒரு வாரம் ஆகும்.

"ஏண்டி, யாரோ ஒட்டித் தொலைச்சதுக்கு நீ ஏன் முதுகை ஒடிச்சுக்கிற? ரே வீட்ல பட்டினியா கிடக்கப் போறாரு" என்பாள், வாசிப்பு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஒடெஸா.

"அவருக்கு ஃபிரிட்ஜைத் திறக்கத் தெரியும்டி. நீ உன் வேலையைப் பாரு."

ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் 'முன்பு பழுது பார்த்தவர்' என்ற இடத்தில் முதல் கடிதத்துக்கு 'தெரியவில்லை' என்று எழுதினாள். அந்த ஒரு சொல்லுக்கு அரை மணி ஆயிற்று. பத்தாவதுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

கடைசிக் கடிதத்தில்தான் வினை. டேப் செனட்டரின் கையெழுத்து மேலேயே ஓடியிருந்தது. மூன்று நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கையெழுத்து தப்பியது. கடைசி எழுத்தின் வால் மட்டும் பசையோடு வந்துவிட்டது. தான் ஒட்டிய டேப் தன் கண் முன்னே அதைத் தின்றிருப்பதைப் பார்த்து அழுதாள்.

வெள்ளிக்கிழமை மதியம். ஓய்வு விழாவுக்குக் கூடத்தில் கேக் வந்திருந்தது. இயக்குநர் பிராண்டாவ், அவள் பாதிப் படிவத்தில் நிற்பதைப் பார்த்தார்.

"என்ன யோசனை லோரீன்? எப்பவும் போல 'தெரியவில்லை'ன்னு போட்டுட்டு வாங்க. எல்லாரும் காத்திருக்காங்க."

"தெரியும் சார். நான்தான் ஒட்டினேன். எல்லாத்தையும்."

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷம் கழிச்சு இது யாருக்கு வேணும்? அதான் நீங்களே சரி பண்ணிட்டீங்களே. நல்லபடியா கிளம்புங்க."

"சார், இந்தாளோட கடிதம் முன்னூத்திப் பன்னிரண்டையும் வரி விடாமப் படிச்சவ நான். ரயில் மேல பழி, குமாஸ்தா மேல பழி, மச்சான் மேல பழி. ஒரு இடத்துலகூட 'தப்பு என்னோடது'ன்னு கிடையாது. இந்தப் பெட்டிக்கு ஒரு புளுகர் போதும்."

ஒடெஸா கேக் தட்டோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தாள்.

"ஒடெஸா, கேக்கை வெட்டிக் குடு எல்லாருக்கும். வரும்போது பழைய படிவப் பெட்டிய எடுத்துட்டு வா."

காப்பகத்தில் பேனாவுக்கு இடமில்லை, பென்சில்தான். லோரீன் முதல் படிவத்தை எடுத்தாள். ஒடெஸா ரப்பரை நீட்டினாள். அவள் வாங்கவில்லை. 'தெரியவில்லை' மேல் ஒரே ஒரு கோடு போட்டாள். அடியில் இருந்த பொய் நன்றாகவே தெரிந்தது. பக்கத்தில் 'லோரீன் டங்கெல், 1958' என்று எழுதிவிட்டு, இரண்டாவதை எடுத்தாள்.