பாய்லர் யேசுவடியான் அணைத்த நெருப்பு

கருங்கலிலிருந்து வரும் காலைப் பஸ் எங்கள் மில் வாசலில் நிற்பதில்லை. போன வெள்ளிக்கிழமை நின்றது. டிரைவர் இறங்காமலேயே தலையை வெளியே நீட்டி, "வேலாயுதம் அண்ணாச்சி, பாய்லர் யேசுவடியான் போயிட்டாரு. இன்னைக்கு வெளுப்பாங்காலத்துலே. சாயங்காலம் அடக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினேன். முதலாளியிடம் கேட்கவில்லை. தமக்காக ஒரு எஞ்சினை நிறுத்த நான் அனுமதி கேட்டிருந்தால், அது யேசுவடியானுக்கே பிடித்திருக்காது.

சுசீந்திரம் போகும் பாதையிலுள்ள எங்கள் நெல் மில்லுக்கு அவர் வந்தபோது நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரே வயது இளைஞர்கள். இலங்கையில் தேயிலைத் தொழிற்சாலைகளில் பாய்லர் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தார். உமியை எரித்து ஆவி உண்டாக்குவது அவர் வேலை. அந்த ஆவியில் எஞ்சினை ஓட்டுவது என் வேலை. எஞ்சினை விட்டு வெளியேறும் ஆவி, நெல் அவிக்கும் தொட்டிகளுக்குப் போகும்.

வந்த அன்றே முதலாளி அவரை, "ஏலே, இங்க வா" என்று கூப்பிட்டார். யேசுவடியான் அசையவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டபோது திரும்பி, "எனக்கு ஒரு பேரு உண்டு முதலாளி. அது நீளமாட்டு தோணிச்சுன்னா, பாய்லர் ஓட்டுதவன்தானே, டிரைவர்னு விளிச்சாப் போதும்" என்றார். முதலாளி, "சரி டிரைவரே" என்றார். ஊரார் தீட்டென்று ஒதுக்கிய யேசுவடியானின் சாதியில் ஒருவர் எங்கள் முற்றத்தில் நின்று அப்படிப் பேசி நான் அதற்குமுன் கேட்டதில்லை.

அந்த மழைக்காலத்தில் என் எஞ்சின் அடிக்கடி 'டம் டம்' என்று இடிக்கும். பாய்லரிலிருந்து வரும் குழாய் திறந்த முற்றத்தின் வழியே போனது. மழை பட்டுக் குளிர்ந்த குழாயில் ஆவி தண்ணீராகி, அந்தத் தண்ணீர் எஞ்சினின் உருளைக்குள் வந்து மோதியது. யேசுவடியான் குழாயைச் சற்றே சரிவாக மாற்றினார். தாழ்ந்த முனையில் தண்ணீரை வடித்துவிட ஒரு திருகு வைத்தார். களிமண்ணையும் உமிச் சாம்பலையும் குழைத்துக் குழாய் முழுதும் அப்பி, மேலே தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினார்.

"குழாய்க்குச் சட்டையா டிரைவரே?" என்று முதலாளி சிரித்தார்.

"உமி எரிச்ச சூட்டை மழைக்குக் குடுக்கணுமா, எஞ்சினுக்குக் குடுக்கணுமா? நீங்களே சொல்லுங்க."

இடி நின்றது. உமியும் குறைவாகவே செலவாயிற்று. முதலாளிக்கு அவர்மேல் மதிப்பு வந்தது. ஆனால் உண்மையான சோதனை தண்ணீரில் இருந்தது.

பாய்லருக்கு ஊற்றியது மில் கிணற்றின் உப்புத் தண்ணீர். மில்லுக்குப் பின்னால் ஊர்க்குளத்தில் நல்ல தண்ணீர் நிறைந்து கிடந்தது. அதிலிருந்து குழாய் போட ஊர்ப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. பாய்லர்க்காரர் தொடும் குழாய் தங்கள் குளத்தில் இறங்கக்கூடாது என்றார்கள். காலப்போக்கில் பாய்லரின் உட்புறத்தில் உப்பு கல்லாகப் படிந்தது. ஓர் அறுவடைக் காலத்தில், நெருப்பை அணைத்து, பாய்லரை ஆறவிட்டு உள்ளே இறங்கிய யேசுவடியான், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டைப் பெயர்த்து வந்து முதலாளியின் மேசைமேல் வைத்தார். நானும் அங்கே இருந்தேன்.

"நெருப்புக்கும் தண்ணிக்கும் எடையிலே இது சுவராட்டு நிக்குது. சூடு தண்ணிக்குள்ள போகாது, தகட்டிலேயே தங்கும். தகடு பழுத்து வயிறு தள்ளியிருக்கு. இனி தீ போட்டா, நெல்லு காயப்போடுத பொம்பளையளுக்க மேலதான் வெடிக்கும்."

"எனக்குப் புரியாமலா இருக்கு?" என்றார் முதலாளி. "நான் ஊரைப் பகைச்சுக்கிட்டு எப்படி மில்லு நடத்த?"

முதலாளி போய்ப் பேச, பெரியவர்கள் மறுநாள் கொஞ்சம் இறங்கி வந்தார்கள். குழாய் போடலாம், ஆனால் வேறு ஆள் போடவேண்டும், யேசுவடியான் குளத்தங்கரைக்கு வரக்கூடாது. முதலாளி மகிழ்ந்துபோனார். யேசுவடியான் தலையசைத்து மறுத்தார்.

"குழாய்க்க மூக்கிலே பாசி அடைக்கும். அடைச்சா பாய்லர் வறளும். குளத்திலே எறங்கி அதை நான்தான் பாக்கணும். பாக்கப்படாதுன்னா, நான் தீ போடமாட்டேன்."

அன்றே அடுப்பிலிருந்த உமியையெல்லாம் வாரி வெளியே கொட்டினார். பாய்லர் முன்னால் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்தார். முதலாளி நாகர்கோவிலிலிருந்து வேறொரு பாய்லர் டிரைவரை வரவழைத்தார். வந்தவர் விளக்கோடு உள்ளே தலையை விட்டுப் பார்த்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "இதுலே தீ போடணும்னா, வீட்டுலே சொல்லிட்டு வந்திருப்பேன்" என்றவர், அப்போதே திரும்பிப் போனார்.

மில் நின்றது. வண்டி வண்டியாக வந்த நெல் முற்றத்தில் குவிந்தது. மழை பிடித்தது. குவியலின் அடியில் நெல் முளைவிடத் தொடங்கியது. அது பெரும்பாலும் அந்தப் பெரியவர்களின் நெல். அவர்களில் மூத்தவர் குடையோடு வந்து நின்று கத்தினார்: "எங்க நெல்லு முளைக்கியது ஒமக்குக் கண்ணு தெரியலியா வே?"

யேசுவடியான் எழுந்து நின்றார். குரலை உயர்த்தவில்லை. "எனக்க கை பட்ட ஆவியிலே அவிஞ்ச நெல்லைத்தான் நீங்க இத்தனை வருசமும் தின்னுதிய. அந்த ஆவி தண்ணியாட்டு கெடக்கும்போ மட்டும் நான் தொடப்படாதா?"

மூத்தவர் குடையை மடக்கினார், விரித்தார், போய்விட்டார். மறுநாள் முதலாளி வந்து, "பெரியவங்க சம்மதிச்சாச்சு. குழாயை நீரே போடும்" என்றார்.

பட்டப்பகலில், கரை நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, இடுப்பளவு தண்ணீரில் நின்று அவர் குழாயைப் பூட்டினார். அடுத்த நாளே யாரோ அதை உடைத்துப் போட்டிருந்தார்கள். மறுபடி பூட்டினார். மறுபடி உடைத்தார்கள். "ஒடைக்கவனுக்குக் கை நோவும். எனக்கு இது சோலி, நோவாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் இறங்கினார். அந்த முறை, ஊர்ப் பெரியவர்களின் சாதியில் பிறந்த நானும் கூடவே இறங்கினேன். அதன்பின் யாரும் உடைக்கவில்லை. உப்புக் கல்லை உளியால் கொத்தி எடுத்து, வயிறு தள்ளிய தகட்டை வெட்டிப் புதுத் தகடு வைத்து ஆணியால் தறைந்து, அந்த அறுவடையை அவர்தான் அவித்துக் கொடுத்தார்.

அடுத்த ஆண்டு ஏதோ காரணம் சொல்லி அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கெஞ்சவில்லை. கருங்கல் பக்கம் தம் ஊருக்குப் போய், மலையடிவாரத்துப் புல்தைலக்காரர்களுக்குத் தைலம் வடிக்கும் வாலைகள் அமைத்துக் கொடுத்துப் பிழைத்தார். கடைசி நாட்களில் மார்ச்சளி அவரைப் படுக்கையில் தள்ளியது. பார்க்கப் போயிருந்தேன். "அங்க இப்பம் பாய்லர் தண்ணி எப்பிடி?" என்றுதான் முதலில் கேட்டார். குளத்துத் தண்ணீர்தான் என்றேன். "அப்ப சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் வழியில் மேல்சாதிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு தெரு. சர்க்கார் கணக்கில் எல்லோருக்கும் பொதுவான தெருதான். ஆனாலும் யேசுவடியானின் சாதியார் வீட்டுச் சாவுகள் எப்போதும் வயல்வரப்பில் சுற்றித்தான் போகும். தெருமுனையில் சிலர் வழியை மறித்துக் கைகட்டி நின்றார்கள். முன்னால் போனவர்கள் தயங்கி வரப்புப் பக்கம் திரும்பினார்கள். பின்னால் வந்த அவர் மனைவி ரோசம்மாள், அழுகையை நிறுத்திவிட்டு உரக்கச் சொன்னார்: "சுத்திப் போகாண்டாம். நேரே எடுங்க."

நான் முன்னால் சென்று, பெட்டியின் ஒரு முனையை என் தோளில் வாங்கிக்கொண்டேன். கைகட்டி நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். தெருவின் நட்டநடுவே பெட்டி போயிற்று.

யேசுவடியான், நிம்மதியாகத் தூங்குங்கள். நாங்கள் சுற்றிப் போகவில்லை.