சிறுத்தை என்னுடையது, அட்டை டீச்சருடையது

மலைநாட்டில் ஒரு சிறுத்தைக் குட்டியைப் படத்தில் நடக்க வைத்தவன் நான்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. படித்தது நாலாம் வகுப்பு. வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். ஹட்டனில் கடைப் பலகையும் பஸ் முகப்பும் எழுதினேன். பிறகு கொழும்பில் ஒரு விளம்பரக் கம்பெனிக்குத் தரை கூட்டப் போய், அங்கே கார்ட்டூன் வரைகிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றே தொழிலைப் பிடித்துக்கொண்டேன்.

முதலில் மற்றவன் கிழித்த கோட்டுக்குள் வர்ணம் அடித்தேன். அடுத்தது, இரண்டு படங்களுக்கு நடுவில் வருகிற படங்களை வரைகிற வேலை. ஒரு படத்தில் கை மேலே இருக்கும், அடுத்ததில் கீழே இருக்கும். நடுவில் அது எப்படி இறங்கிற்று என்று காட்ட வேண்டும். பட்டம் வாங்கியவர்கள் அங்கேதான் தடுமாறுவார்கள். எனக்கு அது சோறு பிசைகிற மாதிரி. தாள் போய்க் கம்ப்யூட்டர் வந்தபோது என்னோடு இருந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். நான் மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். டைரக்டர் என்று என்னைக் கூப்பிடத் தொடங்கியபோது, அந்தச் சொல்லை ஆங்கிலத்தில் எழுதத் தெரியாமல்தான் அந்த நாற்காலியில் இருந்தேன்.

அதனால், சிறுவர்களுக்குத் தமிழில் ஒரு கார்ட்டூன் தொடர் வேண்டும், அது மலைநாட்டுக் கதையாக இருக்க வேண்டும் என்று டீவிக்காரர்கள் தேடியபோது, அவர்களுக்கு என்னைவிட்டால் ஆள் இல்லை. ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்கு மேலே அறை எடுத்தேன். வரைய இளசுகள் சிலரைச் சேர்த்தேன். கதை எழுத ஒருவர் தேவைப்பட்டார். எனக்குக் கதை வராது என்பதில்லை, உட்கார்ந்து எழுத நேரமில்லை. டிக்கோயாவில் படிப்பிக்கிற ஒரு டீச்சர் பள்ளிக்கூட நாடகங்கள் நன்றாக எழுதுவார் என்றார்கள். கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயதுக்கு மேல் சின்னவர். தொடரின் தொடக்கத்தில் ‘உருவாக்கம்’ என்று போட்டு, எங்கள் இரண்டு பேருடைய பெயரையும் ஒரே அளவில் எழுதினார்கள். ஏன் ஒரே அளவு என்று நான் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

சிறுத்தைக் குட்டி என் பிள்ளை. அதன் உடம்பு முழுக்கப் புள்ளி. அது திரும்பினால் புள்ளியெல்லாம் சேர்ந்து திரும்ப வேண்டும், பாய்ந்தால் சேர்ந்து நீள வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடித்து, வரைந்தவனைத் திரும்ப உட்கார வைப்பேன். இந்த நாட்டில் அப்படி ஒரு சிறுத்தையை வேறு யாரும் வரைந்து காட்டட்டும், பார்க்கிறேன்.

அட்டை வந்தது ஒரு மழை நாளில். நனைந்துகொண்டு வந்த டீச்சர் காலில் ஓர் அட்டை ஒட்டி ரத்தம் குடித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கி மேசையில் விட்டார். அது தலையைத் தூக்கி இங்கும் அங்கும் துழாவியது. டீச்சர் மூக்கால் ஒரு குரல் எடுத்தார்.

“ஒரே ஒரு சொட்டுண்ணே. பெருசா ஒண்ணும் கேக்கல.”

இளசுகள் நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார்கள்.

“இதையும் வச்சுக்குவோமாண்ணே? சிறுத்த காதுல ஒட்டிக்கிட்டு ஊரச் சுத்தட்டும்” என்றார் டீச்சர்.

ஒரு கறுப்புக் கோடு, இரண்டு கண். வரைய மூச்சு விடுகிற நேரம் போதும். போனால் போகிறது என்று விட்டேன். அதற்குக் குரலும் டீச்சரே கொடுத்தார்.

தொடர் ஓடத் தொடங்கியது. பஸ் கண்ணாடியில் பனி படிந்தால் பிள்ளைகள் விரலால் ஓர் இழுப்பு இழுத்து, இரண்டு பொட்டு வைத்தார்கள். அவ்வளவுதான், அட்டை. என் சிறுத்தையை எந்தப் பிள்ளை பஸ் கண்ணாடியில் வரைய முடியும்? தேநீர்க் கடைக்காரர் பால் ஊற்றும்போது “ஒரே ஒரு சொட்டுண்ணே” என்று மூக்கால் பேசினார். அவருக்கு நான் யார் என்று தெரியும். தெரிந்துகொண்டே என்னிடம் டீச்சரைப் பற்றிக் கேட்டார். என் பேத்தியின் பிறந்தநாளுக்கு மகள் கேக் செய்வித்தாள். பெட்டியைத் திறந்தால், கேக் முழுக்க அட்டை.

“சிறுத்த போடச் சொல்லலியா?” என்று கேட்டேன்.

“சொன்னோம்ப்பா. புள்ளி வக்க ஏலாதுன்னுட்டாங்க” என்றாள்.

அட்டையை வெட்டித் தட்டில் வைத்து எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். சாப்பிட்டேன்.

கடைசி வாரத்துப் படத்தை வரைந்துகொண்டிருந்தபோது டீவிக்காரரிடமிருந்து போன் வந்தது. இரண்டாம் பாகம் உறுதி என்றார். ஆனால் அதில் அட்டைதான் கதாநாயகன், தொடரின் பெயரும் அதன் பெயர்தான், சிறுத்தை கூட வரட்டும் என்றார். கூட வரட்டுமாம். நான் பெற்ற பிள்ளை, ஒட்டிக்கொள்ள வந்ததற்குத் துணையாக வர வேண்டுமாம்.

டீச்சர் எழுதிய முடிவில் அட்டை ஓர் இலையில் படுத்துத் தூங்கும். நான் அந்த இலையைக் கொழுந்துக் கூடைக்குள் போட்டேன். கூடை தொழிற்சாலைக்குப் போனது. இலையோடு இலையாக அட்டை அடுப்பு நெருப்பில் விழுந்தது. அந்தக் காட்சியை யாரிடமும் கொடுக்கவில்லை, நானே வரைந்தேன். உடம்பு சுருங்கிச் சுருங்கி, கண் இரண்டும் கடைசியாக அணையும். தொழில் தெரிந்தவன் பார்த்தால் எழுந்து நிற்பான்.

அனுப்புகிற அன்றைக்குத்தான் டீச்சர் பார்த்தார்.

“நான் எழுதுனதுல அது தூங்குதுண்ணே.”

“தூங்குறதப் பாத்தா பாக்குறவனுக்கும் தூக்கம் வரும் டீச்சர்.”

“அதுக்குன்னு எரிச்சுப்புடுவீங்களா? ஒரு வார்த்த கேக்கலியே.”

“டைரக்டர் யாரு?”

“நீங்கதான்.” பையை எடுத்துக்கொண்டு கதவருகில் நின்றார். “ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்த அட்ட ஒங்க ரத்தத்தையா குடிச்சிச்சு?”

குடித்ததுதான். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

படம் ஓடிய வாரம் மாசிக் காமன் கூத்து நடந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டங்களில் வருடா வருடம் ஆடுவது. தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் எரிப்பார், ரதி அழுது மன்றாடுவாள், மூன்றாம் நாள் சிவன் எழுப்பிக் கொடுப்பார். பிறந்த தோட்டத்தில் எனக்கு மாலை போடப் போகிறோம் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். காமனை எரித்த மறுநாள் காலையில் போனேன். திடலில் சாம்பல் இன்னும் சூடாக இருந்தது.

தண்ணீர்க் குழாயடியில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். காமன் கம்பம் மாதிரி ஒரு குச்சியை நட்டு, வைக்கோல் சுற்றி, அதன் அடியில் சைக்கிள் டியூப் துண்டொன்றைக் கிடத்தியிருந்தார்கள். பாதி கருகிய துண்டு. ஒரு சின்னப் பிள்ளை தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மாரில் அடித்தாள்.

“ஐயோ, என் அட்ட ராசாவே!”

மற்றப் பிள்ளைகள் கூடவே அழுதார்கள். அழுகைக்கு நடுவில் சிரிக்கவும் செய்தார்கள்.

தோட்டத்துத் தலைவர் என்னோடு கோலிக்குண்டு விளையாடியவர். மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“வாங்க சிவனே, வாங்க! டீவியில அட்ட எரியவும் லயமே எந்திரிச்சு நின்னுருச்சு. நம்ம காமனையே கொண்டு போயி வச்சிட்டான்யா நம்ம தோட்டத்துக்காரன்! மொத்தத் தொடரும் இதுக்குத்தான்னு அப்பதானே வெளங்குச்சு.”

நான் அப்படி நினைத்து எரிக்கவில்லை. ஆனால் ‘மொத்தத் தொடரும்’ என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. அதுவரை யாரும் மொத்தத்தையும் என் கையில் தந்து பேசவில்லை. கழுத்தை நீட்டினேன்.

“எழுப்புறது எந்தக் கெழம?” என்றார்.

“எழுப்புறதா?”

“பின்ன? எரிச்சவரு எழுப்பாமப் போனா ஆகுமா? புள்ளைங்க இந்த டியூப்ப வச்சுக்கிட்டுப் பள்ளிக்கொடமும் போவாம ஒக்காந்திருக்குதுங்க.”

கொழுந்துக் கூடையோடு நின்ற ஒரு பெண் சேர்ந்துகொண்டாள். “அந்த டீச்சரம்மாவத்தான் நாங்க ரதின்னு பேசிக்கிறோம். பாவம், எம்புட்டு அழுதாங்களோ!”

“அவங்க அழல” என்றேன்.

“ஒங்க மொகரைக்கு முன்னாடி அழுவாங்களாக்கும்!”

எல்லோரும் சிரித்தார்கள். மாலை கழுத்தில் கனத்தது. அட்டை செத்தது செத்ததுதான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த நிமிடமே நான் காமனை டீவியில் வைத்த ஆள் இல்லை, பிள்ளைகளின் அட்டையைக் கொன்ற ஆள்.

“ரெண்டாம் பாகத்துல மொத நாளே எந்திரிக்கும்” என்றேன்.

விசில் பறந்தது. குழாயடிப் பிள்ளைகள் டியூப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கூத்து முழுக்கப் பாட்டு காமனுக்கும் ரதிக்கும்தான். சிவன் வருகிறார், கண்ணைத் திறக்கிறார், போகிறார். அவருக்காக ஒருவரும் அழுது நான் பார்த்ததில்லை.

கோயில் மேட்டில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று டீச்சருக்குப் போன் போட்டேன்.

“அட்ட எந்திரிக்கிது டீச்சர்.”

“யாரு எழுப்புறா?”

“என் சிறுத்ததான். சாம்பல மோந்து பாத்துத் தும்மும். அந்தத் தும்மல்ல எந்திரிக்கும்.”

அவர் சிரித்தார். “தும்மல் நல்லாருக்குண்ணே. எனக்கு அது தோணியிருக்காது.”

அந்த வார்த்தையை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

“பேருல ரெண்டும் வரணும். சிறுத்த முன்னுக்கு, அட்ட பின்னுக்கு. டீவிக்காரன்கிட்ட நான் பேசுறேன்.”

“சரிண்ணே.”

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு கோபம் இல்லை. அந்த முதல் இடம் என்னிடம் இருந்திருந்தால் உயிர் போனாலும் விட்டுக்கொடுத்திருக்க மாட்டேன். அவருக்கு அது கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. அது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் பாகத்தின் முதல் காட்சிக்குக் குரல் பதிவு செய்தோம். தும்மலை நானே வரைந்திருந்தேன். மீசை துடிப்பது, மூக்கு சுருங்குவது, புள்ளியெல்லாம் ஒரே நேரத்தில் அதிர்வது. என் வாழ்நாளில் அதற்கு மேல் வரைந்ததில்லை. எழுந்தவுடன் அட்டை என்ன பேசும் என்று டீச்சர் எழுதித் தரவில்லை. படத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மைக் முன்னால் போய் நின்றார். திரையில் சிறுத்தை தும்மியது. சாம்பலுக்குள் இரண்டு கண் திறந்தது. டீச்சர் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்தப் பாவிண்ணே இம்புட்டுச் சூடு வச்சது?”

இளசுகள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் தும்மலை யாரும் பார்க்கவில்லை.

“சரியாண்ணே?” என்று டீச்சர் கேட்டார்.

“இன்னொண்ணு எடுப்போம்” என்றேன்.

எடுத்தார். அதற்கும் இன்னொன்று என்றேன். முகம் கோணாமல் எடுத்தார். எல்லோரும் போன பிறகு எல்லாவற்றையும் போட்டுக் கேட்டு, முதலில் பேசியதையே படத்தில் ஒட்டினேன். எதை வைத்தேன் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.