மணி அடிக்காத இரண்டு நாள்

கிளெமென்ட் அங்கிளுக்கு மன்னிப்புக் கேட்க வராது. ரிச்சர்ட்ஸ் டவுனில் அவர் வீட்டு மாடியில் நான்கு வருடமாகக் குடியிருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன். தப்புச் செய்துவிட்டால் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வந்துவிடுவார். போன ஏப்ரலில் வாங்கி வந்தது முட்டை பொரிக்கும் இன்குபேட்டர்.

காரணம் ஒரு கோழி. அவர் மனைவி மௌரீன் ஆன்ட்டி ஆசை ஆசையாய் வளர்த்த ஒரே பெட்டை. கேஸ் சிலிண்டர் வந்தபோது திறந்த கேட்டை அங்கிள் மூட மறந்தார். தெரு நாய் உள்ளே புகுந்து கவ்விக்கொண்டு போய்விட்டது. பக்கத்து வீட்டுச் சேவலின் உபயத்தில் அது இட்ட ஏழு முட்டைகளை, அடைக்கு வைக்கலாம் என்று ஆன்ட்டி சேர்த்து வைத்திருந்தார். அவைதான் மிச்சம். அன்றிலிருந்து ஆன்ட்டி அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை. வேளைக்குச் சாப்பாடு வரும், பேச்சு வராது.

"குஞ்சு பொரிஞ்சா பேசிடுவாப்பா," என்றார் அங்கிள் என்னிடம். அந்த நம்பிக்கையில்தான் நாளை ஓட்டினார்.

அந்த மிஷின் சூடு மட்டும் கொடுக்கும். முட்டைகளை நாளுக்கு மூன்று தடவை கையால் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே வளர்வது ஓட்டோடு ஒட்டிக்கொள்ளுமாம். அங்கிள் ஒரு பக்கம் பென்சிலால் சிலுவையும் மறுபக்கம் வட்டமும் போட்டுக்கொண்டார். காலை ஆறு, நண்பகல், மாலை ஆறு என்று மாதா கோயிலில் செபத்துக்கு மணி அடிக்கும்போதெல்லாம் திருப்பினார். செல்போனில் அலாரம் வையுங்களேன் என்றேன்.

"கோயில் மணி இருக்கறப்ப அலாரம் எதுக்கு?"

பத்து நாள் ஒரு வேளைகூடத் தவறவில்லை. பிறகு பெரிய வெள்ளி வந்தது. சிலுவைப்பாதை, உபவாசம், ஆராதனை என்று அந்த நாள் போனது. மறுநாள் சனிக்கிழமை, நண்பகல் மணி அடித்ததும் சாப்பிடலாம் என்று உட்கார்ந்திருந்தார். ஒன்றாகியும் அடிக்கவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெரிய வியாழன் பூசை முடிந்தால் ஈஸ்டர் பூசை வரை துக்கத்துக்காகக் கோயில் மணி அடிக்காது. பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். முட்டையோடு சேர்த்து யோசிக்கத்தான் தோன்றவில்லை. ஐந்து வேளை போயிருந்தது.

பெட்டியைத் திறந்து பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை. நேராகச் சமையலறைக்குப் போனார். அதன் ஜன்னல் என் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"மௌரீன், ரெண்டு நாளா முட்டையத் திருப்பல. எல்லாம் போச்சு."

பாத்திரச் சத்தம் நின்றது.

"கோழியும் என்னாலதாம்மா போச்சு. கேட்டைத் தொறந்து உட்டது நான். அத உங்கிட்ட ஒத்துக்காம மிஷினைத் தூக்கினு வந்தேன். தப்பு என்னோடதுதான்." குரல் உடைந்துவிட்டது.

"போய்ப் பாருங்க," என்றார் ஆன்ட்டி.

வியாழன் மாலை அங்கிள் சிலுவை மேலே தெரியும்படி வைத்த முட்டைகள். இப்போது பெட்டியைத் திறந்தால் ஏழிலும் வட்டம் தெரிந்தது.

"நீயா திருப்பினே?"

"அஞ்சு தடவ. உங்க மேல கோவம்னா முட்டை இன்னா பண்ணுச்சு?"

அதற்குப் பிறகு இருவருமாகப் பார்த்துக்கொண்டார்கள். கடைசி மூன்று நாள் முட்டைகளைத் தொடவே கூடாது. மணி அடித்ததும் அங்கிளின் கை தானாக நீளும், ஆன்ட்டி பிடித்துக்கொள்வார். பிடித்த கையை உடனே விடவும் மாட்டார்.

இருபத்தோராம் நாள், திங்கட்கிழமை காலை நான்கு குஞ்சுகள் வந்தன. மூன்று முட்டைகள் அப்படியே கிடந்தன. அங்கிள் அந்த மூன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுவும் என்னாலதானா?"

ஆன்ட்டி, ஈரம் உலராத ஒரு குஞ்சை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"இது உங்களால," என்றார்.