மேலே பொன்னிறம்

வீட்டில் அவளுக்குப் பட்டப்பெயர் மாவுக்காரி. தம்பி வைத்தது. சிக்கன் நகெட் செய்யும் தொழிற்சாலையில் மாவு பூசும் பிரிவில் அவளுக்கு வேலை. எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் காது மடலில் கொஞ்சம் ரொட்டித்தூள் ஒட்டிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவாள். "அக்காவை அப்படியே எண்ணெயில போட்டாப் பொரிஞ்சிடுவா" என்பான் அந்தப் படவா. அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

வேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவளை நிறுத்த முடியாது. "இதைக் கண்டுபிடிச்சது அமெரிக்காவுல ஒரு பேராசிரியர்டா. அரைச்ச கறி தோல் இல்லாமலே சேர்ந்து நிக்கணும், உறைய வச்சுப் பொரிச்சாலும் மேல்மாவு உதிரக் கூடாது. மனுஷன் ரெண்டுக்கும் வழி கண்டுபிடிச்சு, காப்புரிமை கீப்புரிமைன்னு எதுவும் வாங்காம ஊருக்கே சொல்லிக் கொடுத்துட்டாரு."

"பிழைக்கத் தெரியாத ஆளு" என்பான் தம்பி.

இவள் தொழிற்சாலையில் கறியை அரைத்து, அச்சில் அழுத்தி, கரைத்த மாவில் முக்கி, தூள் போர்த்தி, கொதிக்கும் எண்ணெயில் அரை நிமிஷம் விடுவார்கள். மேல்மாவு பிடித்துக்கொள்ள அவ்வளவு போதும். பார்த்தால் பொன்னிறமாக, சாப்பிடு சாப்பிடு என்று கூப்பிடும். உள்ளே கறி பச்சை! வேக வைப்பது வாங்குகிறவர் பாடு. அங்கே கூட்டிப் பெருக்குகிறவருக்குக்கூட இது தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததை யார் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்?

தம்பிக்கு அம்மாவின் சிறுநீரகம் ஒன்றை எடுத்துப் பொருத்தி, இருவரும் வீடு திரும்பியிருந்த நேரம். கிருமி அண்டக் கூடாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். உப்பில்லாத சாப்பாடு அவனுக்கு வெறுத்துப் போயிருந்தது.

"நாக்கு செத்துப் போச்சுக்கா. உன் சரக்குல நாலு கொண்டாயேன்."

வடிவம் கெட்ட துண்டுகளை வேலை செய்கிறவர்களுக்கே கொடுத்துவிடுவார்கள். ஒன்றும் அச்சடிக்காத வெறும் பையில்தான். கொண்டுவந்து, "ஃப்ரீசர்ல வச்சிருக்கேன்டா" என்று சொல்லிவிட்டு மறுநாள் வேலைக்கு ஓடினாள். பச்சை என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லையே, பாவி மகளுக்கு!

வீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவன் மைக்ரோவேவில் லேசாகச் சூடு காட்டித் தின்றிருக்கிறான். 'அமிர்தம்க்கா' என்று போனில் செய்தி வேறு. அதைப் பார்த்த பிறகுதான், பச்சை என்று சொல்லாமல் விட்டது அவளுக்கு உறைத்தது.

ரெண்டு நாளில் காய்ச்சலும் பேதியும் ஆளைக் கிழித்துப் போட்டன. ஆம்புலன்சில் அவன் காதில் குனிந்து அழுதாள். "அது வேகாததுடா. நான் சொல்லாம விட்டுட்டேன்டா."

"அம்மாகிட்ட மூச்சு விடாதே" என்றான் அவன்.

என்ன சாப்பிட்டாய் என்று டாக்டர் கேட்டபோது அவள் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான். "தெருவுல யாரோ விக்க வந்தாங்க டாக்டர். வேகாத கோழி. வாங்கித் தின்னுட்டேன்."

கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டது. வாரம் திரும்புவதற்குள் தம்பி போய்விட்டான். போகும்போது அந்தப் பொய்யை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனான். உண்மையைச் சொன்னால் அம்மா தாங்க மாட்டாள். சொல்லாவிட்டால் இவள் தாங்க மாட்டாள்.

அம்மா இப்போது தினமும் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, சாப்பிடாமல், விலாப்பக்கத் தழும்பைத் தடவிக்கொண்டே சபிக்கிறாள். "என் பிள்ளைக்கு அதைக் கொடுத்த கை விளங்காமப் போகட்டும். நீ ஏன்டி கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கே? உன் தம்பிதானே? நீயும் சொல்லு."

"ஆமாம்மா" என்றாள். "விளங்காமப் போகட்டும்."